புயலின் மேற்குப் பக்கம்

புயல் என்றதும் நாங்கள் கிழக்கே பார்ப்போம். தவளக்குப்பம் சந்திப்பில் நின்றால் திசை பார்ப்பது சுலபம். ஒரு சாலை நல்லவாட்டுக்குப் போய்க் கடலில் முடிகிறது. எதிர்ச் சாலை அபிஷேகப்பாக்கம் வழியாக வயல்களுக்குள் இறங்குகிறது. வடக்கே நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாற்றுப் பாலமும் அரியாங்குப்பமும் தாண்டினால் புதுச்சேரி. தெற்கே கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில், முள்ளோடை, அப்பால் பெண்ணையாறும் கடலூரும். ஐப்பசி, கார்த்திகையில் இந்த நான்கில் கிழக்குக்கு மட்டும் மரியாதை கூடிவிடும். டீக்கடை பெஞ்சில் இருப்பவர்கூட அந்தப் பக்கமாகத் திரும்பி உட்காருவார். அந்தமான் பக்கம் ஏதோ சுழல்கிறதாம் என்று ஒருவர் ஆரம்பிப்பார். நாகப்பட்டினம் போய்விடும் என்பார் இன்னொருவர். நெல்லூர்தான் என்று மூன்றாமவர் முடித்துவைப்பார். தொலைக்காட்சியில் வானிலை மையத்து ரமணன் சொன்ன காலத்தில் ஒருவர் சொல்லை ஊரே கேட்டது. இப்போது ஆளுக்கொரு கைப்பேசி, ஆளுக்கொரு வரைபடம். பச்சையும் ஊதாவுமாகச் சுழலும் காற்றை விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறார்கள், தள்ளினால் ஆந்திராவுக்குப் போய்விடும் என்பதுபோல.

கிழக்கே பார்ப்பதில் தப்பில்லை. வங்கக்கடல் புயல் வேறு எங்கிருந்து வரும்? ஆனால் தானே, நிவர், ஃபெஞ்சல் மூன்றையும் இதே ஊரில் இருந்து பார்த்த பிறகு எனக்கு ஒன்று உறுத்துகிறது. புயலின் அடியில் பெரும்பகுதி எங்களுக்கு முதுகுப்பக்கம்தான் விழுந்திருக்கிறது. காற்று அடித்த இரவில் போனதைவிட அதற்குப் பிந்தைய நாட்களில் போனது அதிகம். கடல் கொண்டுபோனதைவிட நிலத்தின் பக்கமிருந்து வந்தவை கொண்டுபோனது அதிகம். எங்கள் ஆயத்தங்கள் எல்லாம் கிழக்குச் சன்னலைச் சாத்துவதோடு நின்றுவிடுகின்றன.

தானே 2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கும் ஏழரைக்கும் நடுவில், புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கடலூரை ஒட்டிக் கரையேறியது. மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகம் என்று பிற்பாடு செய்தித்தாளில் படித்தோம். உள்ளே இருப்பவனுக்கு வேகம் தெரியாது, திசைதான் தெரியும். வாடையில் தொடங்கிய காற்று கொண்டலுக்குத் திரும்பி, விடிந்த பிறகு சோழகத்தில் முடிந்தது. ஒரே பக்கமாகத் தள்ளியிருந்தால் பல மரங்கள் நின்றிருக்கும். மாற்றி மாற்றி ஆட்டியதில் வேர் விட்டுக்கொடுத்துவிட்டது. கதவுக்கு முட்டாக நகர்த்திய கட்டிலின் மேல் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். யாரும் எதுவும் பேசவில்லை, பேசினாலும் கேட்டிருக்காது.

மேற்கு நோக்கி வரும் புயலுக்கு வலக்கைப் பக்கம் என்பது வடபுறம். அங்கே காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி அடிக்கும். புயலின் சொந்த ஓட்டமும் அதோடு சேர்ந்துகொள்ளும். இடக்கைப் பக்கம் நிலத்துக் காற்று, கொஞ்சம் வலு குறைவு. தானே எங்களுக்குத் தெற்கே போனதால் வலக்கையில் மாட்டினோம். 2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி வந்த நிவரும் அதிதீவிரப் புயல்தான். ஆனால் அது எங்களுக்கு வடக்கே, மரக்காணம் பக்கம் ஏறியது. மறுநாள் காலை எங்கள் தெருவில், “இதுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம் பண்ணாங்க?” என்று பேச்சு. சில பத்துக் கிலோமீட்டர் விலகலில் தப்பியதைப் புரிந்துகொள்ளாமல் அதை எங்கள் அனுபவமாக எடுத்துக்கொண்டோம். தப்பித்தவனுக்கு வரும் தெளிவு அப்படித்தான் இருக்கும்.

தானே ஓய்ந்த காலையில் கதவைத் திறந்தபோது முதலில் தெரிந்தது வெளிச்சம். வெயில்கூட இல்லை, மேகமூட்டமான வெளிச்சம்தான். ஆனால் அதுவரை எங்கள் வாசலுக்கு வந்திராத அளவு. முந்தின நாள்வரை வேம்பும் தென்னையும் வடிகட்டிக் கொடுத்ததைத்தான் காலை என்று நினைத்திருந்தோம். அப்புறம் வாசனை. கிழிந்த இலை, பிளந்த தென்னங்குருத்து, முறிந்த முருங்கை எல்லாம் கலந்த பச்சை நெடி தெருவெங்கும் நாலைந்து நாள் நின்றது. பிறகு அது புளித்து, அழுகி, ஈ மொய்க்கும் நெடியாக மாறியது.

மின்சாரம் இல்லை. அதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம், ஏனென்றால் எல்லாருக்கும் மின்வெட்டு பழக்கம். இது வெட்டு அல்ல, கம்பமே படுத்துவிட்டது. உள்கிராமங்களுக்கு வெளிச்சம் வர வாரக்கணக்கில் ஆனது. மின்சாரம் இல்லையென்றால் போர் ஓடாது, போர் ஓடாவிட்டால் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறாது, குழாய் வராது. வாடகைக்கு ஜெனரேட்டர் வைத்திருந்தவர் தெருத்தெருவாகப் போய் மணிக் கணக்கில் வசூலித்தார். வீட்டுத் தொட்டி நிரப்ப ஒரு தொகை, கைப்பேசிக்கு சார்ஜ் ஏற்ற ஒரு தொகை. மெழுகுவத்தி விலை ஏறியது, பால் விலை ஏறியது. தூர்ந்துபோன பழைய கிணற்றுக்கு யாரோ உருளை கட்டினார்கள். அதற்கு வரிசை நின்றது. அந்த வரிசையில்தான் பல வருஷமாகப் பேசாமல் இருந்த இரண்டு வீட்டுப் பெண்கள் பேச ஆரம்பித்தார்கள் என்று என் மனைவி சொல்வாள். நல்ல கதை, ஆனால் அதே நாட்களில் பேச்சு நின்றுபோன வீடுகளும் உண்டு.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் அண்ணன் தம்பி இருவருக்கும் அடுத்தடுத்த கொல்லை. நடுவில் வேலி கிடையாது. அப்பா நட்ட தென்னை வரிசைதான் எல்லை. வரிசை மொத்தமும் சாய்ந்தது. மரத்தை விற்ற காசைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டதுவரை சண்டை இல்லை. வேரோடு பிடுங்கிய குழிகளை மண் போட்டு மூடிய பிறகு எல்லை எங்கே என்று கேள்வி வந்தது. சர்வேயர் வந்தார், சங்கிலி வந்தது, பத்திரத்தில் இருந்த அளவுக்கும் மரம் காட்டிய அளவுக்கும் வித்தியாசம் வந்தது. அப்பா எல்லை தெரிந்தே கொஞ்சம் தள்ளி நட்டிருக்கிறார் என்று தம்பி சொன்னார். அந்த வழக்கைத் தானேயின் சேதக் கணக்கில் யார் சேர்ப்பார்கள்?

நிவாரணத்துக்கு எழுதிக்கொண்டு போனவர்கள் வீடு, மாடு, ஏக்கர் என்று எழுதினார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. எண்ண முடிவதைத்தான் எண்ண முடியும். நாட்டுத் தென்னை காய்க்க ஆறேழு வருஷம். பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கம் முந்திரியும் பலாவும் போனவர்களுக்கு இன்னும் மோசம். தாத்தா நட்ட பலாவைப் பேரன் காலத்தில் இழந்தால் அது பயிர்ச் சேதமா, சொத்துச் சேதமா? மகளின் கல்யாணத்துக்கு என்று மனசுக்குள் ஒதுக்கிவைத்த சவுக்குத் தோப்பு படுத்துவிட்டதால், வெட்டுக்கூலி போக விறகு விலைக்குக் கொடுத்தவர்கள் எங்கள் பக்கம் இருந்தார்கள். ஊரெல்லாம் மரம் கிடக்கும்போது விறகுக்கு ஏது விலை? கல்யாணம் நடந்தது, நகை அடகுக்குப் போனது. அடுத்து வந்த சித்திரையில்தான் தானே முழுதாகப் புரிந்தது. நிழல் இல்லாத ஊரில் பகல் இரண்டு மணிக்கு நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். எந்தப் படிவத்திலும் நிழலுக்குக் கட்டம் கிடையாது.

கீற்றுக்கூரைகளும் அதன் பிறகு குறைந்தன. கீற்று முடையத் தென்னையும் இல்லை, பயமும் சேர்ந்துகொண்டது. தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் ஏறின. கீற்று பறந்தால் கீற்றுதான். தகரம் பறந்தால் அது கத்தி. அடுத்த புயலுக்கான ஆயுதங்களை நாமே தலைக்குமேல் கட்டிக்கொண்டோம் என்று எனக்குத் தோன்றும். ஆனாலும் மழைக்கு ஒழுகாத கூரைக்குக் கீழே இருப்பவன் இதைச் சொல்லும்போது கொஞ்சம் அடக்கமாகச் சொல்ல வேண்டும்.

காற்றின் வேலை ஓர் இரவில் முடிந்துவிடும், மிச்சத்தை முடிவுசெய்வது அதற்கடுத்த வாரங்கள் என்பதற்கு எங்கள் கரையிலேயே பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1760 கடைசியில் புதுச்சேரியை ஆங்கிலேயர்கள் முற்றுகையிட்டிருந்தார்கள். நிலத்தில் அயர் கூட்டின் படை, கடலில் கப்பல்கள். கோட்டைக்குள் பிரெஞ்சுத் தளபதி லாலி, பட்டினியோடு. டிசம்பர் 31 இரவு புயல். விடிந்து 1761 ஜனவரி 1 அன்று பார்த்தால் நங்கூரமிட்டிருந்த ஆங்கிலேயக் கப்பல்களில் சில ஆளோடு மூழ்கியிருந்தன. நியூகாசில், குயின்பரோ போன்றவை புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பத்தை ஒட்டிய இந்தக் கரையில்தான் தரைதட்டின. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். முற்றுகைக்காரனின் கூடாரங்கள் பறந்தன, வெடிமருந்து நனைந்தது. கடவுளே வந்து கதவைத் திறந்துவிட்டதாகக் கோட்டைக்குள் நினைத்திருப்பார்கள். ஆனால் ஒரு வாரத்துக்குள் மிஞ்சிய கப்பல்களும் புதிதாக வந்தவையும் சேர்ந்து கடல் வழியை மறுபடி அடைத்துவிட்டன. வெளியிலிருந்து ஒரு மூட்டை அரிசியும் உள்ளே வரவில்லை. ஊரின் நாட்குறிப்பை எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை ஜனவரி 12 அன்று கண்ணை மூடினார். 16ஆம் தேதி நகரம் சரணடைந்தது. பிறகு அதை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். புயல் அடித்தது முற்றுகையிட்டவனை, விழுந்தது ஊர். யார் வேகமாக எழுந்தார்கள் என்பதில்தான் எல்லாம் இருந்தது.

துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டுக்கு 1 முதல் 11 வரை எண்கள். பத்துதான் உச்சம் என்று பலர் நினைக்கிறார்கள். கடும்புயல் துறைமுகத்தின் மேலாகவோ மிக அருகிலோ கடக்கும் என்பது பத்து. பதினொன்றுக்குப் பொருள் வேறு: எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பே அற்றுவிட்டது. யாரோ பழைய அனுபவசாலி யோசித்து வைத்த எண் அது. காற்றைவிட ஒரு படி மேலான அபாயமாக அவர் எதை வைத்தார் பாருங்கள்.

ஃபெஞ்சலுக்கு வருவோம். 2024 நவம்பர் கடைசியில் அது புயலாகுமா ஆகாதா என்றே இரண்டு நாள் இழுபறி. வலுவிழந்துவிடும் என்றார்கள், 29ஆம் தேதி புயலானது. 30, சனிக்கிழமை பின்னிரவுக்குள் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அளவுகோல்படி சின்னது. 62 முதல் 88 கிலோமீட்டர்வரை காற்று இருந்தால் வெறும் ‘புயல்’. 118க்கு மேல் போனால்தான் அதிதீவிரம். தானே அதிதீவிரம், ஃபெஞ்சல் வெறும் புயல். இந்தத் தரவரிசை முழுக்கக் காற்றை வைத்துப் போட்டது. மழைக்கு அதில் இடமில்லை. “சும்மா புயல்தான்பா” என்று எங்கள் தெருவில் படுத்துத் தூங்கியவர்கள் உண்டு.

கரையேறிய பிறகு அது நகரவில்லை. புதுச்சேரிக்குப் பக்கத்திலேயே பல மணி நேரம் நின்று கொட்டியது. டிசம்பர் 1 காலையோடு முடிந்த ஒரு நாளில் புதுச்சேரியில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ஓர் ஆண்டில் பெய்ய வேண்டியதில் மூன்றில் ஒரு பங்கு. தானே இரவில் சத்தம்தான் பயமுறுத்தியது. ஃபெஞ்சலில் சத்தமே இல்லை. தண்ணீர் கழிவறைக் கோப்பை வழியாக வீட்டுக்குள் வந்தது. வாசற்படிக்கு மணல் மூட்டை வைத்தவர்கள் உள்ளே திரும்பிப் பார்த்தால் பின்கட்டில் குளம். மின்சாரத்தை அணைக்கப் போனவர் முழங்கால் தண்ணீரில் நின்று மெயின் சுவிட்சைத் தொடலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். நகரத்தில் கிருஷ்ணா நகர் போன்ற இடங்களில் ராணுவம் படகோடு வர வேண்டியிருந்தது.

தண்ணீர் ஏன் வடியவில்லை? ஒவ்வொரு முறை தார் போடும்போதும் சாலை ஒரு கை உயர்கிறது, வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. கடலூர் சாலையின் இரு பக்கமும் வயலாக இருந்தவை மனைப்பிரிவாகி, மனைக்கு மண் நிரப்பி, வாய்க்காலுக்கு மேல் சிமெண்டுப் பலகை போட்டு, பலகை மேல் கடை வந்துவிட்டது. புயலில் கடல் உயர்ந்து ஆற்று முகத்துவாரத்தை நெட்டிப் பிடித்துக்கொள்ளும். வீடூர் அணை நிரம்பிச் சங்கராபரணியில் வரும் வெள்ளம் வில்லியனூரைத் தாண்டிச் சுண்ணாம்பாற்றில் இறங்கும்போது வெளியே போக வழி இருக்காது. கிழக்கே பூட்டு, மேற்கே திறப்பு. நடுவில் நாங்கள்.

மழை விட்டது. அரசு எல்லாக் குடும்ப அட்டைக்கும் 5,000 ரூபாய் அறிவித்தது. எங்கள் மாநிலத்தில் ரேஷன் கடைகள் பல ஆண்டுகள் மூடிக்கிடந்தன; அப்போதும் அட்டை மட்டும் உயிரோடு இருந்தது. வெள்ளத்தில் ஆளாளுக்குத் தலைமேல் தூக்கிப் பிடித்த பிளாஸ்டிக் பையில் ஆதார், பத்திரம், பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ் இவற்றோடு அந்த அட்டையும் இருந்ததை நான் பார்த்தேன். நகையை மறந்தவர்கள் அட்டையை மறக்கவில்லை. புயலுக்குப் பின் ஒரு மனிதன் தன்னை நிரூபிக்க வேண்டியிருக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

திங்கட்கிழமை, டிசம்பர் 2. எங்கள் பக்கம் மெத்தைகளைச் சுவரில் சாய்த்து ஈரம் வடித்துக்கொண்டிருந்தோம். புயல் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தோம். அது முடியவில்லை, மேற்கே போயிருந்தது. முந்தின நாள் திருவண்ணாமலையில் மலை சரிந்து ஒரு வீட்டை மூடியதில் குழந்தைகளும் சேர்த்து ஏழு பேர் இறந்தார்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். அந்தத் தண்ணீரெல்லாம் தென்பெண்ணையில் சேர்ந்து சாத்தனூர் அணைக்கு வந்தது. 2ஆம் தேதி விடிவதற்குள் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி திறந்துவிட்டார்கள். முன்கூட்டியே எச்சரித்தோம் என்றது தமிழ்நாடு அரசு. தூங்கும் நேரத்தில் திறந்தார்கள் என்றன எதிர்க்கட்சிகள். எங்களுக்கு அந்த வாக்குவாதத்தில் ஒரு சிக்கல் கூடுதல். அணை இருப்பது தமிழ்நாட்டில்; ஆற்றின் வடகரையில் இருக்கும் குருவிநத்தம், சோரியாங்குப்பம் எல்லாம் புதுச்சேரி. எச்சரிக்கை மாநில எல்லையில் நின்று மூச்சு வாங்கும், தண்ணீர் நிற்காது.

பாகூர் பக்கம் வெள்ளம் அப்படித்தான் வந்தது, வானம் வெளுத்த பிறகு. கடலைப் பார்த்துக் காவல் இருந்தவர்களின் பின்வாசல் வழியாக. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் பிரிந்து பாகூர் ஏரியை நிரப்புகிறது. பங்காரி, சிங்காரி என்ற இரண்டு பெண்கள் வெட்டிய வாய்க்கால் என்று கதை சொல்வார்கள். மற்ற வருஷங்களில் பெண்ணையில் தண்ணீர் வந்துவிட்டது என்றால் அந்தப் பக்கத்தில் அது நல்ல சேதி. ஏரிக்குத் தண்ணீர் வரும், சம்பாவுக்குக் கவலையில்லை. அதே ஆறு, அதே வழி. கதிர் வாங்க வேண்டிய பயிர் சேற்றுக்கடியில் போனது. கரும்பு படுத்துவிட்டது. பாகூரில் என் சகலை வீட்டில் மாடுகளை மட்டும் அவிழ்த்துவிட நேரம் கிடைத்தது. ஒரு கன்று கிடைக்கவில்லை. “காத்து அடிச்சப்ப மூணு தடவ எழுந்து போய் கொட்டாயப் பாத்தேன் சகல. காத்து நின்னப்புறம் எவன் போய் பாப்பான்?” என்றார். அதற்கு நான் என்ன சொல்ல?

அந்த வீட்டில் சேறு அள்ளப் போனேன். ஆற்று வண்டல் கடல் மணல் மாதிரி இல்லை, உதறினால் போகாது. அலமாரிக் கதவின் உள்பக்கம், மாவு அரைக்கும் இயந்திரத்தின் மோட்டார், தையல் மெஷினின் பல், சாமி படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் எல்லாம் புகுந்திருந்தது. ஒரு வயலில் படிந்தால் உரம் என்போம். ஒரு வீட்டில் படிந்தால் அதை அள்ளிக் கொட்ட இடமில்லை, தெருவிலும் அதேதான். சுவரில் தண்ணீர் நின்ற கோடு பழுப்பாக இருந்தது. பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். சித்திரையில் கோடு மறுபடி மேலே வந்துவிட்டது. அந்தக் கோட்டுக்குக் கீழே முக்கியமான எதையும் வைக்கக் கூடாது என்று சகலையின் அம்மா தீர்மானித்துவிட்டார். அரிசிப் பானை, மருந்து டப்பா, டிவி எல்லாம் பரணுக்கும் மேடைக்கும் ஏறிவிட்டன. எண்பதைத் தொடும் அந்த அம்மாவுக்கு இப்போது எதை எடுக்கவும் முக்காலி வேண்டும்.

எச்சரிக்கை என்று வரும்போது நல்லவாட்டைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2004 டிசம்பர் 26, சுனாமி நாள். அந்த மீனவ ஊரைச் சேர்ந்த ஒரு பையன் சிங்கப்பூரில் வேலையில் இருந்தான். தொலைக்காட்சியில் கடல் பொங்கியதைப் பார்த்துவிட்டு ஊருக்கு போன் செய்தான். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்து எங்கள் கிராமங்களில் அறிவு மையங்களை நடத்திவந்தது. கடல் அலையின் உயரத்தைத் தினமும் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். நல்லவாட்டு மையம் அன்று பூட்டியிருந்தது. பூட்டை உடைத்து ஒலிபெருக்கியைப் போட்டு ஊரைக் காலிசெய்தார்கள். வீடுகளும் படகுகளும் போயின. சுமார் 3,600 பேர் தப்பித்தார்கள். இதை எல்லாரும் தொழில்நுட்பத்தின் வெற்றியாக எழுதினார்கள். எனக்கு அதில் பிடித்தது பூட்டை உடைத்ததும், ஒரு பையன் தன் வீட்டுக்கு போன் செய்ததும்தான். அரசாங்கத்துக்கு முன்னால் உறவு வந்து சேர்ந்தது.

ஃபெஞ்சலுக்குப் பிறகு எங்கள் பக்கம் உறவுக்குள் போன் செய்து எச்சரிக்கும் வழக்கம் திசை மாறியிருக்கிறது. வங்கக்கடலில் தாழ்வு நிலை என்றால் வரைபடத்தைத் தள்ளிப் பார்ப்பது இன்னும் நடக்கிறது, டீக்கடையில் நாகப்பட்டினமா நெல்லூரா என்பதும் நடக்கிறது. ஆனால் மழை விட்ட மறுநாள் போன்கள் மேற்கே போகின்றன. திருக்கோவிலூர்ப் பக்கம் பெண் எடுத்தவர்கள், செங்கம் பக்கம் பெண் கொடுத்தவர்கள் யார் யார் என்று சகலை ஒரு பட்டியல் வைத்திருக்கிறார். கல்யாண வீட்டில் பார்த்தால்கூடச் சிரிக்காத ஒரு தூரத்துச் சம்பந்தியின் எண்ணும் அதில் இருக்கிறது. “ஆத்துல தண்ணி எந்தப் படி வரைக்கும் கீது மாமா?” என்று கேட்டுவிட்டுத்தான் நலம் விசாரிக்கிறார். அவரும் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறார், படி எண்ணிக்கையோடு.